சீனி கொடுத்த உபதேசம்

மாதாஜி ஈப்போவுக்கு வருகிறார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் அவருடைய சிஷ்யர்கள் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. சீனி மட்டும் சந்தோஷப்படவில்லை. ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் அவன் சூப்பர்வைசர். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் செய்தியைப் படித்தவன், பாதிச் சோற்றைப் பொட்டலத்தோடு மடித்துக் குப்பைத்தொட்டியில் போட்டான். என்னண்ணே, காரமா என்று பக்கத்திலிருந்தவன் கேட்டான். ஆமா லா, சம்பால்ல இன்னைக்கு மொளகா ஜாஸ்தி என்றான் சீனி. சம்பாலை அவன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. யோசித்துப் பொய் சொல்லுகிற ஆள் இல்லை அவன். அவன் வாய் அவனை முந்திக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த வாய் செய்த வேலையைத்தான் இப்போது சொல்ல வந்தேன்.

சீனியைக் கெட்டவன் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குடி கிடையாது, சூது கிடையாது, பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்தது கிடையாது. சுங்கை சிப்புட் பக்கம் நாலாங்கட்டைத் தோட்டத்தில் கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்து, அப்பா அம்மா கித்தா மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்த காசில் படித்து, டவுனுக்கு வந்து, தாமான் குடியிருப்பில் ஒரு வீடு வாங்கி, பெண்ணைப் படிக்கவைத்துக் கோலாலம்பூருக்கு வேலைக்கு அனுப்பியவன். எல்லாம் சரிதான். ஆனால் மேலே ஏறுகிற மனிதனுக்குக் கீழே இருப்பதைப் பார்த்து ஒரு வெட்கம் வரும் பாருங்கள், அந்த வெட்கம் வந்துவிட்டால் மனிதன் எதையும் செய்வான்.

சீனியின் வெட்கத்துக்குப் பெயர் பிரமிளா. அவன் மனைவி.

பிரமிளாவுக்குச் சாமி வரும். நாலாங்கட்டைத் தோட்டத்துக் காளியம்மா கோயிலில் ஆடித் திருவிழாவுக்கு உறுமி அடித்தால் போதும், கூட்டத்தில் எங்கே நின்றாலும் அவள் தோள் குலுங்க ஆரம்பிக்கும். கொண்டை தானாக அவிழும். நாக்கு வெளியே தள்ளும். வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பும், கோயில் தகரக் கூரையே அதிரும். அதற்குப் பிறகு பேசுவது பிரமிளா அல்ல, காளியம்மா. பிள்ளையில்லாதவர்கள், வேலை போனவர்கள், மகனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனவர்கள் எல்லோரும் அவள் முன்னால் கைகட்டி நிற்பார்கள். அவள் ஒவ்வொருவரையும் வாடா போடா என்று கூப்பிட்டு வாக்குச் சொல்லுவாள். மலையேறிய பிறகு அவளுக்கு ஒன்றும் நினைவிருக்காது. தண்ணி குடுங்க என்று மெல்லக் கேட்பாள். கல்யாணமான புதிதில் சீனி கையில் எலுமிச்சம்பழமும் வேப்பிலையுமாக அவள் பக்கத்திலேயே நிற்பான். காளியம்மாவுக்கே மாப்பிள்ளை ஆகிவிட்ட மிதப்பு அப்போது அவனுக்கு.

அந்த மிதப்பு டாக்டர் குணாளன் வீட்டு வாசல்வரைதான் தாங்கியது. கேனிங் கார்டனில் டாக்டருக்குப் பெரிய பங்களா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அங்கே அம்பாளின் நாமங்களைச் சொல்லி, கண்ணை மூடித் தியானம் செய்வார்கள். ஒருநாள் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் டாக்டர் பேச்சுவாக்கில் அழைக்க, சீனி போனான். குளிரூட்டிய கூடம், வெள்ளை விரிப்பு, சந்தன வாசனை. வக்கீல்கள், வாத்தியார்கள், வங்கியில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து முணுமுணுவென்று சொன்னார்கள். யாரும் ஆடவில்லை, யாரும் அலறவில்லை. அம்பாள் அங்கே படத்தில் சின்னதாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். சாமி என்றால் இதுவல்லவா சாமி என்று சீனிக்குப் பட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை பிரசாதம் சாப்பிடும்போது டாக்டரின் மனைவி தோட்டத்துத் திருவிழா ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த கதையைச் சொன்னார். நாக்கைத் தள்ளிக்கொண்டு அலறுகிறார்கள், அதெல்லாம் பக்தியா, நரம்புக் கோளாறு, ரெண்டு மாத்திரையில் சரிபண்ணிவிடலாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சீனியும் சிரித்தான். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தான். காரில் வீட்டுக்குத் திரும்பும்போது காது மடல் சுட்டது. பிரமிளா இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டான்.

அந்த வருஷம்தான் மாதாஜி முதல்முறையாக வந்தார். நாகர்கோவில் பக்கத்தவர். காவி கட்டிய, மூட்டுவலிக்காரப் பெண்மணி. கணவனும் மனைவியுமாக வந்தால் சேர்த்து உட்காரவைத்து மந்திர உபதேசம் செய்வார் என்றார்கள். செய்தி எப்படியோ பிரமிளா காதுக்கும் எட்டிவிட்டது. ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல் வேலை அவளுக்கு. அன்றைக்கு லீவு போட்டு, தலைக்குக் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு நின்றாள். சீனிக்குத் திக்கென்றது. மந்திரத்தைக் காதில் ஓதும்போது இவளுக்குச் சாமி வந்துவிட்டால்? டாக்டர் வீட்டு வெள்ளை விரிப்பில் இவள் முடியை விரித்துப்போட்டு அலறினால்? வாய் முந்திக்கொண்டது. ஆள் அதிகமாயிருச்சு, வீட்டுக்கு ஒருத்தர் போதும்னு மாதாஜி சொல்லிட்டாங்க என்றான். பிரமிளா தலையிலிருந்த பூவை எடுத்துச் சாமி படத்துக்கு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சீனி உபதேசம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது வீட்டில் பாயசம் வாசனை அடித்தது. புருஷன் உபதேசம் வாங்கிக்கொண்டு வருகிறான் என்று அவள் பாயசம் வைத்திருந்தாள். அவள் சண்டை பிடித்திருந்தால் சீனி பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பான். அவளோ கிண்ணத்தை நீட்டிக்கொண்டு, என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா என்று மட்டும் கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொன்னாங்க என்றான்.

அவ்வளவுதான், வாய் ஓட ஆரம்பித்தது. மாதாஜி உனக்குன்னு தனியா ஒரு மந்திரம் குடுத்தனுப்பிருக்காங்க என்றான். அவளைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, தலையில் துண்டைப் போர்த்தி, டாக்டர் வீட்டில் பார்த்தது மாதிரியே வலது காதில் குனிந்து என்னவோ சொன்னான். கோயில் குருக்கள் சொல்லுகிறதில் கொஞ்சம், கேசட்டில் கேட்டதில் கொஞ்சம், நடுவில் அவனே போட்டது கொஞ்சம். பிறகு தியானம். அம்மா வெள்ளைத் தாமரையில உக்காந்திருப்பா, முடிய அழகா பின்னிப் போட்டிருப்பா, கை ரெண்டும் மடியில இருக்கும், வாய் மூடியிருக்கும், அப்படி நெனச்சுக்கணும் என்றான். வந்தது வந்தாயிற்று என்று மனதிலிருந்ததையும் சொல்லித் தொலைத்தான். இனிமே உம்மேல காளியம்மா வரமாட்டா, அவ சாந்தமாயிட்டா, வர்ற மாதிரி இருந்தா இந்த மந்திரத்தச் சொல்லி உள்ளயே அடக்கிக்கணும், மாதாஜி உத்தரவு. மந்திரத்தை யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டான். எங்கிட்டகூடச் சொல்லாதே என்றான், பின்னால் அவள் சந்தேகம் கேட்டுத் தொல்லை பண்ணக் கூடாதே என்று.

பிரமிளா துண்டை விலக்கிவிட்டு அவன் காலில் விழுந்தாள். இது ஒங்களுக்கு இல்ல, மாதாஜிக்கு என்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். சீனி அசடு வழிய நின்றான். பாயசம் ஆறிப்போய்விட்டது.

ஒரு வாரத்தில் அந்த மந்திரம் அவனுக்கு மறந்துவிட்டது. மாதாஜி அவனுக்கென்று உண்மையாகக் கொடுத்த மந்திரத்தையும் சில மாதம் சொல்லிவிட்டு விட்டுவிட்டான். ஷிப்ட் மாறிப்போச்சு, எங்கே நேரம் என்றான். பிரமிளா விடவில்லை. விடியுமுன் எழுந்து குளித்துச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் வெளிச்சம் வரும்வரை அசையமாட்டாள். நோய்த்தொற்றுக் காலத்தில் அவள் அம்மா தைப்பிங்கில் இறந்துபோனார். சாலையெல்லாம் அடைத்திருந்த நேரம், முகத்தைப் பார்க்கக்கூட விடவில்லை. அன்று முழுக்க அதே இடத்தில் உட்கார்ந்து அதே மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாதாஜி இல்லன்னா நான் பைத்தியமாயிருப்பேன் என்று பிற்பாடு சொன்னாள். சீனி தலையை ஆட்டினான். அது அவளைத் தாங்கியது என்னவோ உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை.

ஆனால் ஆடி மாதம் வரும் அல்லவா? உறுமி அடிக்கும் அல்லவா? முதல் வருஷம் கோயில் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உடம்பெல்லாம் வியர்த்து ஊற்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தாள். ஆத்தா ஏன் இன்னும் வரல என்று சனம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. வரவில்லை. அடுத்த வருஷம் தூணைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. அதற்கடுத்த வருஷம் உறுமிச் சத்தத்தில் அவள் மற்றப் பெண்களைப் போலக் கைகூப்பி நின்றாள். சீனி நிம்மதியாகக் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தான்.

ஒருமுறை தோட்டத்து ராக்காயி அக்கா, பேத்திக்கு உடம்பு சரியில்லை என்று வீடு தேடி வந்துவிட்டார். ஆத்தாகிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லு தாயி என்று வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். எனக்கு உத்தரவு இல்லக்கா என்று பிரமிளா சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சீனி அப்போது கூடத்தில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அழுகை கேட்டது. டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டான்.

அந்த மாதாஜிதான் எட்டு வருஷம் கழித்து மறுபடியும் வருகிறார்.

அன்று வேலை முடிந்து வீட்டுக்குப் போவதற்குள் பிரமிளாவுக்குச் செய்தி தெரிந்திருந்தது. கேன்டீனில் யாரோ முகநூலில் காட்டியிருக்கிறார்கள். காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றக்கூட அவனை விடவில்லை.

"இந்தத் தடவ நானும் வாரேன். எத்தன ஆள் இருந்தாலும் சரி, பின்னால நின்னுக்கிறேன். மாதாஜிகிட்ட ஒன்னே ஒன்னு கேக்கணும்."

என்ன கேட்கப் போகிறாய் என்று அவன் கேட்டான்.

"வர்ற ஆடிக்கு ஒரே ஒரு தடவ ஆத்தாள வரவிடலாமான்னு. ராக்காயி அக்கா படுத்த படுக்கையா கெடக்குது. ஆத்தா வாயால ஒரு வார்த்த கேட்டுட்டு கண்ண மூடுறேங்குது. மாதாஜி உத்தரவு குடுத்தா போதும்."

சீனி சரி என்றான். வேறு என்ன சொல்லுவான்? அவள் அன்றைக்கே சேலை எது கட்டுவது என்று யோசிக்கப் போய்விட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் தரிசனம். காலையிலேயே சீனி, நாற்காலி போடுகிற சாக்கில் டாக்டர் வீட்டுக்குப் போனான். அவன் போட்ட திட்டம் எளிமையானது. மாதாஜியைத் தனியாகப் பார்த்துக் கதையைப் பட்டும்படாமலும் சொல்லி, பிரமிளா வந்து கேட்டால் சரியென்று ஒரு தலையாட்டு மட்டும் போடுங்கள் என்று கெஞ்சுவது. ஒரு தலையாட்டில் எல்லாம் முடிந்துவிடும். அவளுக்கும் சந்தோஷம், இவனுக்கும் மானம் பிழைக்கும்.

மாதாஜி பின்கட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். கிழடு தட்டியிருந்தது. சீனியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் தரையில் மண்டியிட்டு, ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு மாதாஜி என்று தொடங்கினான். சின்னத் தப்பு என்று தொடங்கினானே தவிர, சொல்லச் சொல்ல அது பெருத்துக்கொண்டே போனது. எந்த இடத்தில் நிறுத்தினாலும் அடுத்தது என்ன என்று அவர் கேட்டார். எண்ணெய் தேய்த்த கை நின்றுவிட்டது.

என்ன மந்திரம் சொன்னாய் என்று கேட்டார். சீனி வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. முதல் எழுத்தாவது வரட்டும் என்று கண்ணை மூடிப் பார்த்தான். ஊகூம். மறந்துவிட்டதா என்றார் மாதாஜி. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் இன்னும் சொல்லுகிறாளா என்றார். தினமும் என்றான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது அவனுக்கு உடம்பு கூசியது.

சரி, தியானம் என்ன சொன்னாய் என்றார். அது அவனுக்கு மறக்கவில்லை. வெள்ளைத் தாமரை, பின்னிய முடி, மடியில் வைத்த கை, மூடிய வாய் என்று ஒப்பித்தான். ஒப்பித்து முடிப்பதற்குள் அவனுக்கே எங்கேயோ உறைத்தது. மாதாஜி அவனை உற்றுப் பார்த்தார்.

"இது அம்பாள் இல்லப்பா. உனக்குப் பொண்டாட்டி எப்படி இருக்கணும்னு ஆசப்பட்டியோ, அதச் சொல்லியிருக்கே."

சீனிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. முன்கட்டில் டாக்டரின் மனைவி பூக்காரனிடம் பேரம் பேசுகிற சத்தம் கேட்டது. அந்த அம்மாள் காதில் இது விழுந்திருக்குமோ என்று திரும்பிப் பார்த்தான். இத்தனைக்குப் பிறகும் அந்தக் கவலை போகவில்லை பாருங்கள். திரும்பிப் பார்த்ததை மாதாஜியும் பார்த்துவிட்டார். அது இன்னும் கேவலமாகப் போயிற்று.

அவன் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். சாயங்காலம் அவள் கேட்டால் சரியென்று மட்டும் சொல்லுங்கள் என்றான். மாதாஜிக்குக் கோபம் வந்துவிட்டது. என் பேரைச் சொல்லி ஒரு பெண்ணின் வாயைக் கட்டியிருக்கிறாய், அதற்கு நானும் உடந்தையா என்றார். கொடுக்காததை நான் எப்படித் திருப்பி வாங்குவது, கொடுத்தவன்தான் வாங்க வேண்டும், அவள் வந்து கேட்டால் நான் எதுவும் சொல்லி அனுப்பவில்லை என்ற உண்மையைத்தான் சொல்லுவேன், அதற்கு முன்னால் நீயே சொல்லிவிடு என்றார். அதற்குள் யாரோ வெந்நீர் எடுத்துக்கொண்டு வந்தார்கள். சீனி எழுந்து, போட வந்த நாற்காலிகளைப் போடாமலே வெளியே வந்தான்.

வீட்டில் சொல்ல முடியவில்லை. பிரமிளா மாலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாதாஜிக்கு மல்லிப்பூ பிடிக்குமா என்று கேட்டாள். பிடிக்கும் என்றான். கிளம்பும்போது சொல்லலாம் என்று பார்த்தான், முடியவில்லை. காரில் ஏறிய பிறகும் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். பொய் என்றால் வழுக்கிக்கொண்டு வரும் அந்த வாயில் உண்மை நுழையவே மாட்டேன் என்றது. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டு அடித்தது. பஸ் நிற்கிற இடத்தில் காரை ஓரங்கட்டினான். கண்ணாடி துடைக்கிற கம்பி அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும், காலையில் மாதாஜி சொன்னது உட்பட, சொன்னான். டாக்டர் மனைவி சிரித்தபோது தானும் சேர்ந்து சிரித்ததையும் சொன்னான். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை, ஆனாலும் வந்துவிட்டது.

பிரமிளா மடியில் இருந்த மாலையை எடுத்துப் பின்சீட்டில் வைத்தாள். மழை கொஞ்சம் குறைந்தது.

"மாதாஜிக்கு என் பேராச்சும் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப ஆத்தாள வரவேணாம்னு சொன்னது நீங்க."

சீனி ஆமாம் என்றான். அப்போதும் அவள் மரியாதையை விடவில்லை. நாயே பேயே என்று ஏசியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். வண்டிய தோட்டத்துக்கு விடுங்க என்றாள். அவன் விட்டான்.

நாலாங்கட்டைத் தோட்டத்தில் இப்போது கித்தா மரம் ஒன்றுகூட இல்லை. ஒரு பக்கம் எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனை, ஒரு பக்கம் புது வீடுகள். நடுவில் காளியம்மா கோயில் மட்டும் தகரக் கூரையோடு நிற்கிறது. பூசாரி மாயாண்டி விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். வாங்கக்கா, என்ன திடீர்னு என்றார். பிரமிளா பதில் சொல்லாமல் நேரே போய் ஆத்தாளுக்கு முன்னால் நின்றாள். சிமெண்டுச் சிலை. கண் உருண்டையாகப் பிதுங்கியிருக்கும், செஞ்சாயம் பூசிய நாக்கு முகவாய்வரை தொங்கும், கறுப்பு முடி இரண்டு தோளிலும் விரிந்து கிடக்கும். அழகென்று சொல்ல முடியாது. ஆனால் ஆத்தா அவள்தான், அந்தத் தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும்.

பிரமிளா சிலையைக் கண் கொட்டாமல் பார்த்தாள். பிறகு கண்ணை மூடினாள். திறந்து பார்த்தாள். மறுபடியும் மூடினாள். கொண்டையை அவிழ்த்து முடியைத் தோளில் விட்டாள். வா ஆத்தா என்று மெதுவாகக் கூப்பிட்டாள். இன்னொரு தடவை சத்தமாகக் கூப்பிட்டாள். மாயாண்டிக்கு என்ன புரிந்ததோ, உள்ளே ஓடிப்போய் உறுமியை எடுத்து வந்து தனியாளாக அடித்தார். சீனி படிக்குக் கீழே ஈரத்தில் நின்றான். வந்துவிடு தாயே, வந்து என்னை நாலு கேள்வி கேளு, இந்த ஊரே பார்க்க என் கழுத்தைப் பிடி என்று வேண்டிக்கொண்டான். வாழ்க்கையில் அவன் மனதார வேண்டிக்கொண்டது அது ஒன்றுதான். உறுமி அடித்து அடித்து மாயாண்டிக்குக் கை ஓய்ந்தது. பிரமிளாவின் தோள் அசையவே இல்லை.

அவள் திரும்பிப் படியிறங்கி வந்தாள். முடி முகத்தில் ஒட்டியிருந்தது.

"கண்ண மூடுனா இவ வரமாட்டேங்குறா. நீங்க சொன்னீங்களே, அவதான் வாரா. பூவு மேல உக்காந்துகிட்டு, கைய மடியில வச்சுகிட்டு. வாயத் தெறன்னு சொல்றேன், தெறக்க மாட்டேங்குறா."

சீனி என்னவோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவனுக்கு முன்னால் குனிந்து, வலது காதை அவன் பக்கம் திருப்பி நின்றாள். குடுத்தவங்கதான் திருப்பி எடுக்கணும், எடுத்துக்குங்க என்றாள். மந்திரத்தை அவன் ஒருமுறை அவள் காதில் சொல்லி, திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். மாயாண்டி உறுமியை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மறந்துபோச்சு பிரமிளா. அப்பவே மறந்துபோச்சு."

அவள் நிமிர்ந்தாள். தான் ஒருநாள்கூட மறக்கவில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமலே அது அவனுக்குக் கேட்டது. அவளுடைய உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள், வேண்டுமென்று இல்லை, நாக்கு பழகிவிட்டது. அவன் போட்டுக் கலந்து விட்டுப்போன அந்த வார்த்தைகள் இத்தனை வருஷமாக அவளிடம்தான் பத்திரமாக இருந்தன. அவன் காதைக் கூர்மையாக்கிக் கேட்டான். ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை.

"ராக்காயி அக்கா காத்துகிட்டு இருக்கும். அதுகிட்ட போயி நான் என்ன சொல்றது?"

கோபமாகக் கேட்கவில்லை. கேஸ் தீர்ந்துபோச்சு, யாருக்குப் போன் போடணும் என்று கேட்பாளே, அதே குரலில், அவனுக்குத் தெரியும் என்று நம்பிக் கேட்டாள். எதைக் கேட்டாலும் சட்டென்று ஒரு பதில் வைத்திருக்கிற மனிதன் அல்லவா அவன்? அவள் பதிலுக்காக நின்றாள். மாயாண்டியும் நின்றார். சீனி வாயைத் திறந்து பார்த்தான், மூடிக்கொண்டான்.